பெரிய முதுகுப்பையோடு கட்டுநாயக்கவிலிருந்து நேபாள மலைக்கு: பொதி கட்டுவதிலிருந்து பெல்ட்டில் பை எடுப்பது வரை

கொழும்பிலிருந்து நேபாளத்துக்கு மலை நடக்கப் போகிறவர்கள் பொதி கட்டும்போது வழக்கமாகப் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: டிக்கெட்டில் போட்டிருக்கும் 23 கிலோ அல்லது 30 கிலோ. பையை அந்த அளவுக்கு நிரப்பிக்கொண்டு போய், எவரெஸ்ட் பக்க நடை தொடங்கும் லுக்லாவுக்குப் பறக்கும் சின்ன விமானத்தின் தராசுக்கு முன்னால் நிற்கும்போதுதான் பிழை விளங்கும். அங்கே ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் கைப்பையையும் சேர்த்து: பொதி 10, கையில் 5. லுக்லா 2,860 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஓடுபாதை 527 மீற்றர்தான். மெல்லிய காற்றில் அவ்வளவு குட்டைப் பாதையில் இறங்கும் விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

ஆகவே பொதிக் கணக்கைக் கடைசி விமானத்திலிருந்து தொடங்குங்கள். எவரெஸ்ட் பக்கம் போகாமல் அன்னபூர்ணா, லாங்டாங் பக்கம் பஸ்ஸிலோ ஜீப்பிலோ போகிறவர்களுக்கு 15 கிலோ வரம்பு இல்லை. ஆனால் பையைத் தூக்கப்போவது உங்கள் முதுகு. அதற்கும் ஏறக்குறைய அதே எண்தான் நல்லது.

முதலில் தராசு

வீட்டுத் தராசு போதும். பையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். சாமான்களைத் தனித்தனியாக நிறுக்க, சமையலறைத் தராசை எடுங்கள். தேநீர் விடுதிகளில் தங்கி நடக்கும் பயணத்துக்குக் கூடாரமும் அடுப்பும் வேண்டாம். அப்படியான ஒரு பொதி ஏறக்குறைய இப்படி வரும்:

65 லீற்றர் வெறும் பை 2 கிலோ, ஸ்லீப்பிங் பேக் 1.4, டவுன் ஜக்கெட் (இறகு அடைத்த குளிர்ச்சட்டை) 0.5, மழை ஜக்கெட்டும் மேல் காற்சட்டையும் 0.7, உடுப்புகள் 2.5, நடைக்கோல் இரண்டு 0.5, போத்தலும் தண்ணீர்ப் பையும் 0.3, மருந்தும் சவர்க்காரம், பற்பசை வகையும் 0.8, தலை டோர்ச், பவர் பேங்க், சார்ஜர் 0.7, வீட்டுச் சாப்பாடு 1, கமெரா 1.2, சப்பாத்தில் மாட்டும் பனிமுள் 0.4, செருப்பு 0.4. கூட்டினால் 12.4 கிலோ. நடைச் சப்பாத்து காலில் இருப்பதால் இதில் இல்லை.

மீதி 2.6 கிலோவை நிரப்பத் தேடாதீர்கள். கடைசி நேரத்தில் தானாகவே நிரம்பும். அம்மா தரும் போத்தல் ஒன்றே பாதியைச் சாப்பிட்டுவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன்: சப்பாத்தையும் பையையும் வெளியே எடுங்கள்

கொழும்பின் ஈரக்காற்று மலைச்சாமான்களுக்கு எதிரி. நடைச் சப்பாத்தின் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் பொலியூரித்தேன். அது ஈரத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உதிரும். பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருந்த சப்பாத்துதான் சீக்கிரம் போகும். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகத் தெரியும். கட்டைவிரலால் அடிப்பாகத்தின் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விழுந்தாலோ, அழுத்திய இடம் மெழுகுபோல் பதிந்து மீளாமல் நின்றாலோ அந்தச் சப்பாத்து மலைக்கு ஆகாது. நன்றாக இருந்தால் தினமும் ஒரு மணித்தியாலமாவது போட்டுக்கொண்டு காலிமுகத்திடலிலோ விகாரமகாதேவி பூங்காவிலோ நடவுங்கள். உரிவதானால் அங்கேயே உரியட்டும்.

பையின் உட்புறமும் அப்படித்தான். நீர்புகாப் பூச்சு ஒட்டிப் பிசுபிசுத்து ஒரு புளித்த மணம் வந்தால் அது கெட்டுப்போனது, கழுவினாலும் திரும்பாது. இடுப்புப் பட்டியின் கொளுக்கியை ஐந்தாறு முறை பூட்டித் திறந்து பாருங்கள். விமானத்தில் முதலில் உடைவது அதுதான். பட்டியின் அகலத்தை அளந்துகொண்டு போனால் புறக்கோட்டையில் பை தைக்கும் கடைகளில் பொருத்தமான பிளாஸ்டிக் கொளுக்கி கிடைக்கும். ஒன்றை மேலதிகமாக வாங்கி வையுங்கள்.

புதிதாகப் பை வாங்குகிறவர்கள் இராணுவப் புள்ளி நிறத்தை விட்டுவிடுங்கள். கொழும்பில் அந்த நிறத்தோடு நடமாடினால் கேள்வி வரும், விமான நிலையத்தில் இன்னும் கூடுதலாக வரும். பழைய பையை யாரிடமாவது இரவல் வாங்கினால், அல்லது வேட்டைக்கோ பாதுகாப்பு வேலைக்கோ போன பை என்றால், ஒவ்வொரு சின்ன அறையையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். தையல் மடிப்புக்குள் கிடக்கும் ஒற்றைத் துப்பாக்கி ரவை, வெறும் கோதாக இருந்தாலும், எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். அதன்பின் உங்கள் நாள் பொலிஸாரோடுதான்.

மூன்று குவியல்

சாமான்களை நிலத்தில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: பெரிய பை இரண்டு நாள் பிந்தி வந்தால் இது இல்லாமல் நடக்கத் தொடங்க முடியுமா?

முடியாதென்றால் அது கைப்பைக்கு. காத்மாண்டுவின் தமேலில் ஸ்லீப்பிங் பேக், டவுன் ஜக்கெட், நடைக்கோல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் காலுக்குப் பழகிய சப்பாத்தும் உங்கள் கண்ணாடியும் மருந்தும் கிடைக்காது. ஆகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், கட்டுநாயக்கவின் வெக்கையில் கால் அவிந்தாலும் பரவாயில்லை. டவுன் ஜக்கெட்டைச் சுருட்டிக் கையில் எடுங்கள். விமானத்துக்குள் தலையணையாகவும் உதவும். கைப்பையில் போக வேண்டியவை: கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரம், மருந்து (மலை உயர நோய்க்கான டயமொக்ஸ் இருந்தால் வைத்தியரின் சீட்டோடு), கமெரா, தலை டோர்ச், பவர் பேங்க், ஒரு மாற்று உடுப்பு, இரண்டு சோடி மேசு. பெரும்பாலான விமான நிறுவனங்களின் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ. கூடினால் கமெரா லென்ஸை ஜக்கெட் பொக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

பவர் பேங்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரிய பையைத் திறக்க வைப்பது பெரும்பாலும் இதுதான். தனியாக இருக்கும் லிதியம் பற்றரி எதுவும் பொதிக்குள் போகக்கூடாது, கையில் மட்டும். சரக்கறைக்குள் தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை என்பதுதான் காரணம். அளவு வாட் மணியில் பார்க்கப்படும். பவர் பேங்க்கில் போட்டிருக்கும் எம்.ஏ.எச் (mAh) எண்ணை 1,000 ஆல் பிரித்து 3.7 ஆல் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாட் மணி, பிரச்சினை இல்லை. 30,000 என்றால் 111. 100 வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை மறுக்கலாம், புதிதாக ஒன்று வாங்குவது மேல். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்த பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பாவிப்பதை நிறுத்தியது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்றது. இரண்டு கொண்டுபோக நினைப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். கமெராவின் மேலதிகப் பற்றரிகளின் செப்புமுனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

இன்னொன்று: விமானம் நிறைந்திருந்தால் ஏறும் வாசலில் வைத்து உங்கள் கைப்பையையும் வாங்கி அடியில் போடுவார்கள். அப்போது பவர் பேங்க்கை வெளியே எடுக்க வேண்டும். அதை ஒரு சின்னப் பையில், மேலேயே வையுங்கள்.

இரண்டாவது குவியல் பொதிக்கு: நடைக்கோல், பனிமுள், கத்தி, ஸ்லீப்பிங் பேக், உடுப்பு, 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவங்கள். நடைக்கோலைக் கையில் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று எண்ண வேண்டாம், கூர்முனையைக் கண்டால் திருப்பி அனுப்புவார்கள்.

மூன்றாவது குவியல் வீட்டிலேயே நிற்கும். காஸ் குப்பி கையிலும் கூடாது, பொதியிலும் கூடாது. காத்மாண்டுவில் தாராளமாகக் கிடைக்கும். பாவித்த காஸ் அடுப்பின் தலை மட்டும் என்றால் கழுவித் துடைத்து மணமில்லாமல் பொதியில் போடலாம். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றும் அடுப்புக்கு விதி கடுமை. விமான நிறுவனத்தின் சம்மதம் முதலில் வேண்டும். எண்ணெயை வடித்து ஒரு மணித்தியாலம் கவிழ்த்து வைத்து, பிறகு மூடியில்லாமல் குறைந்தது ஆறு மணித்தியாலம் காயவிட்டு, மூடி, உறிஞ்சும் சீலையில் சுற்றிப் பொலித்தீனுக்குள் போட வேண்டும். இத்தனை பாடுபட்டும் கவுண்டரில் மணம் பிடித்து மறுத்தால் மறுத்ததுதான்.

லைட்டர் பொதியில் கூடாது. ஒன்றை உடம்பில் வைத்திருக்கலாம் என்பது பொது விதி. ஆனால் இந்திய விமான நிலையங்களில் அதையும் எடுத்துவிடுவார்கள், நெருப்புப்பெட்டியும் அப்படியே. டெல்லி வழியாகப் போகிறவர்கள் கொண்டுபோகவே வேண்டாம்.

சாப்பாட்டுச் சாமான்

நம்மவர் பொதி என்றால் சாப்பாடு இருக்கும். சமபோஷ, பால்மா, பிஸ்கட், வறுத்த கடலை எல்லாம் பிரச்சினையில்லை, நிறைக்கும் நல்லது. சீனிச் சம்பலும் ஊறுகாயும் கைப்பையில் திரவக் கணக்கில் வரும், பறிபோகும். பொதியில் போடும்போது கண்ணாடிப் போத்தலில் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு சிப் பைகளுக்குள் போட்டு, உடுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். சம்பல் எண்ணெய் டவுன் ஜக்கெட்டில் ஊறினால் உள்ளே இருக்கும் இறகு ஒட்டிக் கட்டியாகிவிடும், பிறகு அது குளிரைத் தாங்காது. மிளகாய்த்தூளை இந்தியா வழியாகக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதற்கு விமானச் சட்டத்தில் தனி இடமே உண்டு.

போத்தல்கள் ஏன் ஒழுகுகின்றன தெரியுமா? விமானத்துக்குள் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்து மலையின் அழுத்தத்துக்கு இறங்கும். பாதி நிரம்பிய போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயையும் ஷாம்பூவையும் மூடி வழியாகத் தள்ளும். பிளாஸ்டிக் போத்தலை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள்.

பையைக் கட்டுதல்

உள்ளே முதலில் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்துவிட்டு, அதற்குள் சாமான்களை அடுக்குங்கள். மழைக்காலத்தில் பொதி ஏற்றும் திறந்த வண்டி ஓடுபாதைப் பக்கம் நனைந்துகொண்டு நிற்கும். பையோடு வரும் மழை உறை அங்கே உதவாது, பெல்ட்டில் மாட்டிக் கிழிந்து காணாமல் போகும்.

ஸ்லீப்பிங் பேக் அடியில், கனமான சாமான் முதுகுப் பக்கம், நடைக்கோலைச் சுருக்கி றப்பர் முனை போட்டுச் சட்டத்தோடு ஒட்டி. வெளியே எதுவும் தொங்கக்கூடாது: விரிப்பும் இல்லை, கோப்பையும் இல்லை, கொளுக்கி வளையமும் இல்லை. பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்றிமீற்றருக்குள் வர வேண்டும் என்பது பல நிறுவனங்களின் அளவு. 75, 35, 30 என்றால் 140, தாராளம். அதே பைக்குக் குறுக்கே 60 சென்றிமீற்றர் விரிப்பைக் கட்டினால் அகலம் 35 இலிருந்து 60 ஆகி, கூட்டுத்தொகை 165 ஐத் தொடும்.

பட்டிகள்தான் முக்கியம். பெல்ட் ஓடும்போது தொங்கும் பட்டி இரண்டு தகட்டுக்கு நடுவே போய் மாட்டினால், இயந்திரம் நிற்காது. பட்டி அல்லது கொளுக்கி போகும். இப்படிச் செய்யுங்கள்:

1. தோள் பட்டிகளை முழுதாக இறுக்கி முதுகோடு ஒட்டவையுங்கள். நெஞ்சுப் பட்டியைப் பூட்டி இறுக்குங்கள்.
2. இடுப்புப் பட்டியின் இரு இறக்கைகளையும் பின்பக்கமாகத் திருப்பி, பையின் முன்புறத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அங்கே பூட்டுங்கள்.
3. பக்கப் பட்டிகளையும் மேல் மூடியையும் இறுக்குங்கள்.
4. மிஞ்சும் வால்களைச் சுருட்டி டேப்பால் ஒட்டுங்கள். முடிச்சுப் போட்டால் மலையில் குளிர்விரலோடு அவிழ்க்கப் படாதபாடு.

அதன் பிறகு முழுப் பையையும் இன்னொரு பைக்குள் இறக்குங்கள். நல்ல பயண உறை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் புறக்கோட்டையில் விற்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் நெய்த பெரிய பையே போதும். அதன் சிப் மூலையில் வெடிக்கும், அதனால் குறுக்கே இரண்டு இடத்தில் பட்டியால் இறுக்குங்கள். நிறை அதிகமில்லை, காத்மாண்டு விடுதியில் மடித்து வைத்துவிட்டு மலையேறலாம், திரும்பும்போது மறுபடி உதவும். பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதும் ஒரு வழிதான், ஆனால் சோதனைக்காக வெட்டினால் அத்தோடு முடிந்தது.

சிப்பைப் பூட்டால் பூட்டுவதைவிடக் கேபிள் டையால் கட்டுவது புத்தி. அதிகாரிகள் திறக்க வேண்டுமென்றால் அதை வெட்டுவார்கள், சிப் தப்பும். மேலதிகமாக நாலைந்து கேபிள் டையை வெளிப் பொக்கெட்டில் வையுங்கள். பழைய பயணத்தின் பார்கோட் ஒட்டுகள் எல்லாவற்றையும் உரித்தெடுங்கள். இயந்திரம் பழையதைப் படித்துவிட்டால் பை வேறு ஊருக்குப் போகும். உங்கள் பெயர், கைபேசி எண், காத்மாண்டு விடுதியின் பெயர் எழுதிய தாளொன்று பைக்கு உள்ளேயும் இருக்க வேண்டும்.

டிக்கெட்டும் டெல்லியும்

கொழும்பு–டெல்லி ஒரு டிக்கெட்டாகவும், டெல்லி–காத்மாண்டு தனி டிக்கெட்டாகவும் மலிவாக எடுப்பவர்கள் உண்டு. அதில் பொதி நேராகக் காத்மாண்டுவுக்குப் போகாமல் டெல்லியில் இறங்கிவிடலாம். அதை எடுக்க நீங்கள் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர் தப்பிவிடுவார். பெரிய பைக்காரர் அகப்படுவார். முழுவதையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

செய்மதித் தொலைபேசியோ கார்மின் இன்ரீச் போன்ற செய்மதிக் கருவியோ வைத்திருப்பவர்கள் இந்தியா வழியாகப் போகவே வேண்டாம். அங்கே அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம்; தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டவர்களை விமான நிலையத்தில் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

நேபாள விசா நமக்கு எளிது. சார்க் நாட்டவர் என்பதால் வருடத்தில் முதல் முறை போகும்போது 30 நாள் இலவசம்.

அன்றைக்கு

கோட்டையிலிருந்து 187 பஸ்ஸில் போகலாம், ஆனால் பெரிய பைக்கு இடமிருக்காது, மடியிலும் வைக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்தால் கார்தான் சரி. அதிவேகப் பாதை வேகம்தான். அந்தப் பாதையின் வாசலுக்குப் போய்ச் சேர்வதுதான் பின்னேரத்தில் தாமதம்.

மூன்று மணித்தியாலத்துக்கு முன் போய்விடுங்கள். கவுண்டருக்கு முன்னாலேயே ஒரு எக்ஸ்ரே உண்டு, பொதியும் கைப்பையும் இரண்டும் அதில் போகும். கவுண்டரில் பையை நீட்டி, உருண்டையான பகுதி கீழே இல்லாதபடி, தட்டையாகப் படுக்க வையுங்கள். பட்டியுள்ள பை என்றால் சில வேளை தட்டில் வைத்து அனுப்புவார்கள். பெரும்பொதி வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னால் அதற்கும் நேரம் வைத்திருங்கள். ஒட்டும் சீட்டில் காத்மாண்டுவின் குறியெழுத்து (KTM) இருக்கிறதா என்று அங்கேயே வாசியுங்கள். பிறகு பையையும் சீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். தண்ணீர்ப் பை, போத்தல் இரண்டையும் காலியாக்கிவிட்டு உள்ளே போங்கள், ஏறும் வாசல் பக்கம் மறுபடி சோதனை உண்டு.

லுக்லா போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். இளவேனில், இலையுதிர் காலங்களில் பெரும்பாலான லுக்லா விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். அது நான்கைந்து மணித்தியால ஜீப் பயணம், நள்ளிரவு தாண்டிப் புறப்பட வேண்டியிருக்கும். வந்து சேர்ந்த அன்றிரவே அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பொதி பிந்தினால் ஈடுகொடுக்க காத்மாண்டுவில் ஒரு முழுநாள் வேண்டும்.

பை வராவிட்டால், உடைந்து வந்தால்

பெல்ட்டிலிருந்து எடுத்தவுடன் அந்த இடத்திலேயே கொளுக்கி, சட்டம், சிப் மூன்றையும் பாருங்கள். மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் விமானத்தில்தான் உடைந்தது என்று நிறுவுவது கடினம். உள்ளேயே இருக்கும் பொதி முறைப்பாட்டுக் கவுண்டரில் பி.ஐ.ஆர் எனப்படும் அறிக்கையை எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். கொழும்பில் எடுத்த படம் அப்போது கைகொடுக்கும். சர்வதேசப் பயணத்தில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்குப் பொதி கிடைத்து 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்குப் பொதி கையில் வந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். ஈட்டுத்தொகையின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு).

இங்கேதான் மலைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். சேதத்துக்கான 7 நாளும் நீங்கள் சிக்னல் இல்லாத உயரத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும். மலைக்குப் புறப்படும் முன் காத்மாண்டு விடுதியிலிருந்தே மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கின் பற்றுச்சீட்டையும் படமெடுத்து அதில் இணையுங்கள்.